பாரம் பின்னே

அரிசியை ஊறப் போட்ட பிறகுதான் குட்டியானை வண்டி வராது என்று தெரிந்தது.

நாற்பது கிலோ இட்லி அரிசி, பத்து கிலோ உளுந்து. காலை ஆறரைக்கே பிச்சை இரண்டையும் தண்ணீரில் போட்டுவிட்டார். கடையை இடம் மாற்றுகிற நாள். மட்டாஞ்சேரியில் ஊறப்போட்டு இடக்கொச்சியில் அரைப்பது என்று திட்டம். சாமான் ஏற்றி, இறக்கி, மெஷினை நிறுத்தி வைப்பதற்குள் அரிசி தன்பாட்டுக்கு ஊறிக்கொண்டு வந்து சேரும். இந்த யோசனை முந்தின ராத்திரி தோன்றியபோது தன் மூளையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. இப்பேர்ப்பட்ட ஆள் ஏன் பதினோரு வருஷமாக மாவு விற்றுக்கொண்டிருக்கிறான் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

ஏழேகாலுக்குக் குட்டியானைக்காரனிடமிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டு, சட்டைப்பையை ஒருதரம் தட்டிக்கொண்டார்.

"என்னவாம்?" என்றாள் அவர் மனைவி பேச்சியம்மாள். அவள் அடுக்குச் சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பணிமுடக்காம்."

"அப்படின்னா?"

"வேலை நிறுத்தம். இன்னைக்கு ஊருக்குள்ள ஒரு சரக்கு வண்டியும் ஓடாதாம். குட்டியானை, டெம்போ, ஆட்டோ ஒண்ணும் கிடையாது."

பேச்சியம்மாள் ஊறுகிற டிரம்மைப் பார்த்தாள். "அரிசிகிட்ட சொல்லிட்டீங்களா?"

அரிசிகிட்டச் சொல்ல முடியாது. அதுதான் பிரச்சினை. உளுந்து நாலு மணி நேரம் ஊறினால் பொங்கிப் பூவாக வரும். பத்து மணி நேரம் ஊறினால் கொழகொழத்துப் போகும். ஆனி மாதத்துப் புழுக்கத்தில் சாயங்காலத்துக்கு மேல் வைத்தால் ஊறல் தண்ணீரே நாற ஆரம்பிக்கும். தோப்பும்படி ஜங்ஷனில் டிபன் ஹோட்டல் வைத்திருக்கிற வாஞ்சிநாதன் ஆறு மணிக்கு மாவுக்கு ஆள் அனுப்புவார். அவருக்கு முதலிலேயே சந்தேகம். "இடக்கொச்சிக்குப் போனா நேரத்துக்கு மாவு வருமா பிச்சை? ஒருநாள் தப்பினாலும் நான் பாக்கெட் மாவுக்கு மாறிருவேன், வருத்தப்படக் கூடாது" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். பிச்சை அரைக்கிற மாவில் முக்கால்வாசி அவருடைய கல்லில்தான் தோசையாகிறது. அந்தக் கல் போனால் பிச்சையின் கல்லும் நிற்க வேண்டியதுதான்.

இங்கேயே அரைத்துவிட்டுப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மிளகு குடோனுக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்து மாவு அரைத்த அறையைச் சொந்தக்காரர் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடமாக மாற்றப் போகிறார். நேற்றே மின்சாரத்தைத் துண்டித்தாகிவிட்டது. பெயிண்டர்கள் இரண்டு பேர் ஏணியோடு வாசலில் வந்து உட்கார்ந்து, பிச்சை குடும்பம் எப்போது எழுந்திருக்கும் என்று பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மகாகிட்ட பேசட்டுமா?" என்றாள் பேச்சியம்மாள்.

பிச்சை பெயிண்டர்களின் ஏணியைப் பார்த்தார். பேசாதே என்று சொல்லவில்லை என்பதைப் பேச்சியம்மாள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

மகா அவர்களுடைய ஒரே மகள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சந்தீப்பைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சந்தீப் பாலக்காட்டிலிருந்து எப்போதோ கொச்சிக்கு வந்து நிலைத்த தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் அந்தத் தமிழ் பாரதப்புழை ஆற்றில் இறங்கிக் குளித்துவிட்டு வந்த தமிழ். அவன் வீட்டார் முதலில் சாதியைச் சொல்லி முறைத்தார்கள். பத்து வருஷமாகத் தாங்கள் தின்ற தோசை பிச்சையின் மாவு என்று தெரிந்ததும் முறைப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். பிச்சைக்குச் சாதி ஒரு பொருட்டில்லை. அவருக்கு ஆகாதது அந்த ஜீப்பு.

களமசேரி கம்பெனியில் ஒழுங்காக வேலை பார்க்கிற பையன், பழைய ஜீப் ஒன்றை வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றி, லாரி டயர் மாதிரி டயரைப் போட்டு முக்கால் அடி உயர்த்தி வைத்திருந்தான். லீவு நாளில் இடுக்கிப் பக்கம் போய்ச் சேற்றில் இறங்கி, சேற்றிலிருந்து ஏறி, அதை வீடியோ எடுத்துக்கொண்டு வருவான். "சேத்துல இறங்கத்தான் எங்க அப்பன் சங்கரன்கோவில்ல என்னைப் பெத்தாரு, நான் தப்பிச்சு வந்தேன். இவரு காசு குடுத்து இறங்குதாரு" என்பது பிச்சையின் கருத்து. கருத்தை அவர் நேரில் சொன்னதில்லை. நேரில் எதையுமே சொன்னதில்லை. மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்திருந்தாலும், "அவருக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்று மகளைப் பார்த்துத்தான் பேச்சு.

எட்டரைக்கு ஜீப்பு வந்தது. சந்தீப்பும் மகாவும் குதித்து இறங்கினார்கள். பின்னால் ஸ்கூட்டரில் ரமேஷ்பாபு. கருவேலிப்படியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன், சந்தீப்பின் சிநேகிதன், ஜீப்பை உயர்த்திய புண்ணியவான். மைக்செட்காரர் ஒருவர் ஜெனரேட்டர் கொண்டுபோகிற இரண்டு சக்கர டிரைலர் ஒன்றைக் கேட்டு வாங்கி, தெருவில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நாலு பேராகக் கையால் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள்.

ரமேஷ்பாபு ஜீப்பின் பின்னால் குனிந்து, டிரைலரை மாட்டுகிற கொக்கிக் குண்டின் உயரத்தை முழம் போட்டான். டிரைலரின் மூக்கையும் முழம் போட்டான். தலையைச் சொறிந்தான்.

"சேட்டா, ஜீப்பு பொக்கம். டிரைலர் தாணது. இங்ஙன கொளுத்தியா மூக்கு மேலோட்டு பொந்தும். மூக்கு பொந்தியா பாரம் முழுவன் வாலில் சாடும்."

பிச்சை பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார். மலையாளத்தை மொழிபெயர்த்துச் சொல்வதில் அவருக்குத் தனி சந்தோஷம் உண்டு. "ஜீப்பு உசரமாம், டிரைலர் பதிவாம். அப்படியே மாட்டுனா டிரைலர் மூக்கைத் தூக்கிட்டு நிக்குமாம். கனமெல்லாம் வாலுக்குச் சரிஞ்சிருமாம்."

"அது எனக்கே புரிஞ்சுது" என்றாள் அவள்.

ரமேஷ்பாபு தொடர்ந்தான். கொக்கியைத் தாழ்த்துவதற்கு ஓர் இரும்புப் பட்டை வேண்டும்; பட்டறைக்கு ஜீப்பைக் கொண்டுபோய் வெல்டு செய்து கொண்டுவர ஒன்றரை மணி நேரமாகும். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டு, போகிற போக்கில் திரும்பிச் சொன்னான்: "பாரமுள்ளதொக்கெ பின்னெ கேற்றியா மதி. கேட்டோ?"

"கேட்டு, கேட்டு" என்றார் பிச்சை.

சந்தீப் ஜீப்பை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனான். மகா உள்ளே மாவு வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லிட்டுப் போறான்?" என்றாள் பேச்சியம்மாள்.

"கனமான சாமானை எல்லாம் பின்னால ஏத்துனா போதுமாம்."

"மூக்கு தூக்கும்னு இப்பத்தானே சொன்னான்?"

"அதுக்குத்தானே பட்டை வைக்கப் போறான்? ஏட்டி, இருபது வருஷமா வண்டி வேலை பாக்கவன் அவன். உனக்குத் தெரியுமா, அவனுக்குத் தெரியுமா?"

ஒன்றரை மணி நேரம் சும்மா இருப்பது பிச்சையால் ஆகாத காரியம். பெயிண்டர்கள் இரண்டு பேரும் தங்கள் நன்மையை உத்தேசித்து எழுந்து வந்தார்கள். பக்கத்துக் குடோன் வாட்ச்மேனும் சேர்ந்துகொண்டார். இரண்டு கிரைண்டர்கள், ஒவ்வொன்றும் சாய்த்து மாவு வழிக்கிற பெரிய மெஷின். கல்லோடு சேர்த்தால் ஒரு தடித்த ஆள் எடை. பலகையைச் சாய்த்து, கயிறு கட்டி, "ஏலேலோ" போடாத குறையாக ஏற்றி, பத்திரமாகக் கடைசிக்குத் தள்ளி, வால் கதவோடு ஒட்டி நிறுத்தினார்கள். முன்னால் வாளிகள், பாய் தலையணை, மேஜை விசிறி, காலி டின்கள். மேலே தார்ப்பாய். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு பிச்சை டிரைலரின் மூக்கைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஒற்றைக் கையில் வந்தது.

"பூ மாதிரி இருக்குட்டி" என்றார்.

ஊறல் டிரம்மை மட்டும் பேச்சியம்மாள் டிரைலரில் ஏற்ற விடவில்லை. "அரிசி எங்கூட வரும்" என்றுவிட்டாள்.

பத்தரைக்கு ஜீப்பு திரும்பி வந்தது. ரமேஷ்பாபுவுக்குப் பட்டறையில் வேறு வண்டி காத்திருந்ததால் அவன் வரவில்லை. பிச்சை மூக்கைத் தூக்கிக் கொடுக்க, சந்தீப் கொக்கியை மாட்டினான். இப்போது டிரைலர் மட்டப்பலகை வைத்ததுபோல் நின்றது. அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டு மாட்டினான். கொக்கி கழன்றால்கூட மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும் என்று மகாவிடம் விளக்கினான். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இரண்டு தரம் ஓடிப்போய்ப் பார்த்தான். பார்த்துவிட்டு வந்து, "மாமா, இந்தத் தார்ப்பாயை ஒருதரம் அழிச்சுப் பார்க்கட்டா?" என்றான்.

பிச்சை திடுக்கிட்டார். "அழிக்கவா? புதுத் தார்ப்பாய்!"

"அழிக்கறதுன்னா அவுக்கறது அப்பா" என்று மகா சிரித்தாள். "கயித்தை அவுத்துப் பார்க்கலாமான்னு கேக்காங்க."

"எல்லாம் அவங்க ரமேஷ்பாபு சொன்னபடிதான் வச்சிருக்குன்னு சொல்லு. மணி என்ன ஆவுதுன்னும் சொல்லு."

"ரமேஷ்பாபு சேட்டன் சொன்னபடின்னா சரியாத்தான் இருக்கும்ட்டோ" என்று சந்தீப் விட்டுவிட்டான். மாமனார் நேரில் பேசாவிட்டாலும் தன் சிநேகிதன் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தாரே என்று அவனுக்கு ஓர் ஆறுதல்.

பேச்சியம்மாளை ஜீப்பில் ஏற்றுவதற்குப் பெயிண்டரின் ஏணி தேவைப்பட்டது. "வண்டியா இது, மச்சு வீடா?" என்று முனகிக்கொண்டே ஏறி, டிரம்மை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். மகா உளுந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். பிச்சை முன்னால் ஏறினார். அங்கேயிருந்து பார்த்தால் ஊறுகாய்க் கடை, சுக்குக் குடோன், பள்ளிவாசல் மதில் எல்லாம் குள்ளமாகத் தெரிந்தன. கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. அதை அவர் முகத்தில் காட்டவில்லை.

சந்தீப் முப்பதைத் தாண்டவில்லை. வளைவில் தள்ளிப் போய் அகலமாகத் திருப்பினான். வேகத்தடை வந்தால் நின்று, வணங்கி, ஏறி இறங்கினான். கருவேலிப்படி தாண்டியது. தோப்பும்படி வந்தது. ஜங்ஷனில் பணிமுடக்குக்காரர்கள் கொடியோடு நின்றார்கள். டிரைலரைக் கண்டதும் மறித்தார்கள். அரை மணி நேரம் போனது. கடைசியில் பேச்சியம்மாள் டிரம் மூடியைத் திறந்து ஊறின அரிசியை ஒரு பிடி அள்ளிக் காட்டினாள். தலைவர் மாதிரி இருந்தவர் அரிசியை நகத்தால் நசுக்கிப் பார்த்து, "வேகம் பொய்க்கோ சேச்சி" என்று சீக்கிரம் போகச் சொல்லி வழிவிட்டார். எதிரில் வாஞ்சிநாதன் ஹோட்டல் கல்லாவில் அவரே உட்கார்ந்திருந்தார். ஜீப்பையும் டிரைலரையும் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பிச்சைக்கு அந்தப் பார்வை போதுமாக இருந்தது.

"பன்னண்டேகால் ஆச்சு" என்றார் ரோட்டைப் பார்த்து. "மகா, கொஞ்சம் அமுத்தச் சொல்லேன். ரோடு காலியாத்தானே கிடக்கு."

"முப்பது மதி மாமா. பாரம் இருக்கில்லையா?"

"மணி இருக்கில்லையான்னு கேளு."

பள்ளுருத்தி தாண்டி ரோடு நேராக ஓடுகிற இடத்தில், ஓரத்தில் வாய்க்கால். சந்தீப் ஐம்பதைத் தொட்டான். மாமனாருக்காகத் தொட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது பின்னாலிருந்து ஒரு பிரைவட் பஸ், ஊளையிட்டுக்கொண்டு, உரசாத குறையாகத் தாண்டிப் போனது. அது கிளப்பிய காற்று டிரைலரைத் தொட்டது.

முதலில் ஒரு சின்ன ஆட்டம். பிறகு பெரிய ஆட்டம். டிரைலர் இடது பக்கம் போனால் ஜீப்பின் மூக்கு வலது பக்கம் போயிற்று. அப்புறம் மாறிப் போயிற்று. நாய் வாலை ஆட்டுகிறது என்பார்கள். இங்கே வால் நாயை ஆட்டியது. பேச்சியம்மாள் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "சங்கரலிங்கம், சங்கரலிங்கம்" என்று ஊர்ச் சாமியைக் கூப்பிட்டாள். பிச்சை "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்தினார். சந்தீப் பிரேக்கைத் தொடவில்லை. காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ரோட்டையே பார்த்தான். வேகம் தானாகத் தளர்ந்தது. ஆட்டமும் தளர்ந்தது. டிரைலரின் ஒரு சக்கரம் வாய்க்கால் விளிம்புக் கல்லில் முட்டி நின்றபோது எல்லோரும் அதே இடத்தில் இருந்தார்கள். அரிசித் தண்ணீரில் பாதி மட்டும் பேச்சியம்மாள் மடியில் இருந்தது.

சந்தீப் இறங்கிப் போய்த் தார்ப்பாயை அவிழ்த்தான். இரண்டு கிரைண்டர்களும் வால் கதவை நெட்டித் தள்ளிக்கொண்டு சாய்ந்திருந்தன. கீல் ஒன்று வளைந்து வாயைப் பிளந்திருந்தது. இன்னும் இரண்டு ஆட்டம் ஆடியிருந்தால் கல் இரண்டும் வாய்க்காலில்.

"மாமா, ரெண்டும் வால்லயாக்கும் இருக்கு!"

"அங்கதானே வைக்கச் சொன்னாரு உங்க ரமேஷ்பாபு" என்றார் பிச்சை. பதற்றத்தில் மகாவைத் தேட மறந்துபோனார்.

"ரமேஷ்பாபுவா? பின்னால வெக்கச் சொன்னானா?"

"என் காதுல கேட்டேன். கனமெல்லாம் பின்னால ஏத்துனா போதும்னுட்டுத்தான் ஸ்கூட்டரை எடுத்தாரு."

சந்தீப்பின் முகம் கறுத்துப்போயிற்று. "இருபது கொல்லமா இந்தப் பணி செய்யறவன்! மூக்கில பத்தில ஒரு பங்கு பாரமாவது இருக்கணும்னு எனக்கே சொல்லிக் குடுத்தவன் அவனாக்கும். மூக்கு லேசானா டிரைலர்தான் ஜீப்பை ஓட்டும். நாலு பேர் உயிர் மாமா..." போனை எடுத்து அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "எடுக்க மாட்டான். வெல்டு செஞ்சிண்டிருப்பான். எடுக்கட்டும், வெச்சிருக்கேன். இனிமே அவன் பட்டறைப் படி ஏறினா கேளுங்கோ. இந்த ஜீப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"நீங்க கும்பிடற சாமி காப்பாத்துச்சு மாப்ள, விடுங்க" என்றாள் பேச்சியம்மாள், சேலையைப் பிழிந்துகொண்டே. மகா சந்தீப்பின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

எதிர்ப்புறம் ஒரு சாயாக்கடை. அம்மிணி என்கிற ஓர் அம்மாள்தான் கடைக்காரி, சமையல்காரி, எல்லாம். ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கிரைண்டரை நகர்த்த ஆள் வேண்டும். கேட்பதற்கு பிச்சை ரோட்டைக் கடந்தார். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அம்மிணி கேட்காமலே ஒரு கட்டன் சாயாவை வைத்தாள்.

வாணலியிலிருந்து பழம்பொரியை அப்போதுதான் எடுத்து வடிதட்டில் போட்டிருந்தாள். எண்ணெய் பொடுபொடுத்துக்கொண்டிருந்தது. வலைக்காரர் ஒருவர் அதை எடுக்கக் கையை நீட்டினார்.

"அது பின்னெ எடுத்தா மதி, சூடா!" என்றாள் அம்மிணி.

அந்த மனிதர் கையை எடுத்துக்கொண்டார். மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பிச்சையின் வாய்க்குப் போன கிளாஸ் பாதியில் நின்றது. அந்த வலைக்காரர் தட்டின் பின்பக்கம் போய் எடுக்கவில்லை. காத்திருந்தார். பின்னெ எடுத்தா மதி என்றால் அப்புறம் எடுத்தால் போதும். பின்னெ கேற்றியா மதி என்றால்?

பதினோரு வருஷமாக நாள் ஒன்றுக்குப் பத்துத் தடவை கேட்கிற சொல். பின்னெ வராம், பின்னெ காணாம், பின்னெ எந்தா விசேஷம். ஒருநாளும் அவர் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. சாயா குடிக்கும்போது கேட்டால் மலையாளமாகக் கேட்கிறது. டிரைலருக்குப் பக்கத்தில் நின்று கேட்டபோது மட்டும் சங்கரன்கோவில் தமிழாகக் கேட்டிருக்கிறது. ரமேஷ்பாபு சொன்னது, பட்டை வைத்துக்கொண்டு வருகிறேன், கனத்தை அப்புறம் ஏற்றலாம் என்று. இவர் ஏற்றியது வாலில். அதையும் பெண்டாட்டிக்கு மொழிபெயர்த்து வேறு சொன்னார்.

"பழம்பொரி வேணோ சேட்டா?" என்றாள் அம்மிணி.

"வேண்டா சேச்சி" என்றார். சாயாவுக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தார்.

ரோட்டைத் திரும்பக் கடந்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் வந்தார். சந்தீப் அதற்குள் நாலு பேரைச் சேர்த்துவிட்டான். "மாமா, அந்தக் கயித்தைப் பிடிங்கோ." பிச்சை பிடித்தார். "நீங்க இழுங்க மாப்ள, நான் அண்டை கொடுக்கேன்." ஒவ்வொரு கிரைண்டராக நகர்த்தி, சக்கரத்துக்கு நேர் மேலேயிருந்து ஒரு சாண் முன்னால் வைத்துக் கட்டினார்கள். பாய் தலையணை வாலுக்குப் போயிற்று. வலைக்காரர் வால் கதவுக்கு வலைக்கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டார். வெட்டினால்தான் அவிழும் என்றார். சந்தீப்பும் பிச்சையும் குனிந்து மூக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு பேர் சேர்ந்தும் "ஹம்மா" என்று சத்தம் வந்தது.

"இதாக்கும் சரி" என்றான் சந்தீப். வியர்வையைத் துடைத்துவிட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு மறுபடி ரமேஷ்பாபுவுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை.

அப்போதும் பிச்சை சொல்லியிருக்கலாம். மழை தூற ஆரம்பித்தது. நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மிச்ச வழி முழுக்க முப்பதுக்கு மேல் போகவில்லை. டிரைலர் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு பின்னால் வந்தது. "அப்பாவுக்குப் பயத்துல பேச்சு அடைச்சிருச்சு" என்றாள் மகா. "பதினோரு வருஷத்துல இன்னைக்குத்தான்" என்றாள் பேச்சியம்மாள்.

இடக்கொச்சியில் அவர்கள் பிடித்திருந்த இடம் முன்பு செம்மீன், அதாவது இறால், தோல் உரிக்கிற ஷெட். பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று தரம் கழுவியும் செம்மீன் வாடை போகவில்லை, ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டிருந்தது. மணி இரண்டரை. இறக்கி, மட்டம் பார்த்து, ஒயர் கொடுத்து, கல்லைக் கழுவுவதற்குள் மூன்றேகால். பேச்சியம்மாள் உளுந்தை எடுத்து விரலில் உருட்டி மோந்து பார்த்தாள்.

"இன்னும் கெடலை. உடனே போட்டா தப்பிச்சோம்."

ஒரு மெஷினில் உளுந்து, ஒன்றில் அரிசி. பிச்சை சுவிட்சைப் போட்டார். கற்கள் உறுமிச் சுழல ஆரம்பித்தன. அந்தச் சத்தம் வந்ததும் பேச்சியம்மாள் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள். அந்த நாளில் அவள் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. உளுந்து திரண்டு வெளுத்து மேலே ஏறியது. கை ஓயாமல் தண்ணீர் தெளித்தபடி பிச்சை நின்றார். இன்னும் இரண்டரை மணி நேரம் கல் நிற்காமல் ஓடினால் ஆறு மணிக்கு வாளி தயார். நடுவில் நின்றால் மாவோடு இறுகிக்கொண்டு கல் லேசில் கிளம்பாது; பெல்ட் வழுக்கும், மோட்டார் சூடாகும், மாவும் சூடாகும். ஓடுகிற கிரைண்டரை நிறுத்துவது இந்தத் தொழிலில் இல்லாத வழக்கம்.

சந்தீப்பின் போன் ஒளிர்வதைப் பிச்சைதான் முதலில் பார்த்தார். சத்தத்தில் மணி கேட்கவில்லை. சந்தீப் எடுத்துப் பார்த்தான். தாடை இறுகியது. "அவனாக்கும்" என்று உதடு அசைந்தது. வெளியே போய்ப் பேச எழுந்தான்.

"மாப்ள, அவரு அப்படிச் சொல்லலை" என்றார் பிச்சை.

கிரைண்டர் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. சந்தீப் வாசலுக்குப் போய்விட்டான்.

"மாப்ள!"

கேட்கவில்லை. கட்டைவிரல் போனின் மேல் போயிற்று.

பிச்சை சுவிட்சை அணைத்தார். ஒன்றை. அப்புறம் மற்றொன்றையும்.

கற்கள் ஒரு சுற்றுச் சுற்றி, முனகி நின்றன. செம்மீன் ஷெட்டில் அப்படி ஓர் அமைதி. பேச்சியம்மாள் பதறி எழுந்தாள். "என்னங்க, கரண்டு போயிருச்சா?"

"போகலை. நான்தான் நிறுத்துனேன்." பிச்சை மாவுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்துக்கொண்டு நின்றார். "மாப்ள, அவரைத் திட்டாதீங்க. பாரத்தைப் பின்னெ கேற்றியா மதின்னாரு. அவரு மலையாளத்துல சொன்னாரு. நான் தமிழ்ல கேட்டுட்டேன்."

போன் சந்தீப்பின் கையில் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் வாய்க்குள்ளேயே அதைச் சொல்லிப் பார்த்தான். பின்னெ கேற்றியா மதி. ஒரு தடவை மலையாளமாக. ஒரு தடவை தமிழாக.

மகாவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "அப்பா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தச் சாயாக்கடையிலேயே தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்டச் சொல்ல வாய் வரலை. உங்க வண்டியைச் சொன்னேன், உங்க கூட்டுக்காரரைச் சொன்னேன். வேகமாப் போகச் சொன்னதும் நான்தான். வாய்க்கால்ல போயிருந்தா அதுவும் என்னாலதான்." மாவுக் கையால் கிரைண்டரைக் காட்டினார். "சத்தத்துல சொன்னா கேக்காது. அதான் நிறுத்துனேன்."

பேச்சியம்மாள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். என்னென்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. மாவைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

சந்தீப் போனை எடுத்தான். "ஆ, சேட்டா... இல்ல, சும்மா விளிச்சதா. நங்ஙள் எத்தி. ஒண்ணும் பற்றியில்ல. பட்டை? பட்டை சூப்பராக்கும். வெச்சோளு, பின்னெ விளிக்காம்." வந்து சேர்ந்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டான். "எல்லாம் சரி மாமா" என்றான். "கல்லு கிளம்புமா?"

"தானா கிளம்பாது. கையால ஒரு தள்ளு கொடுக்கணும்."

சந்தீப் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உளுந்து கிரைண்டரின் டிரம்மைப் பிடித்தான். பிச்சை எதிர்ப்பக்கம் பிடித்தார்.

"எந்தப் பக்கம் தள்ளணும்னு முதல்ல நல்லாக் கேட்டுக்கிடுங்க" என்றாள் பேச்சியம்மாள், சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு. "ரெண்டு பாஷையிலயும்."